பட்டறைக்குக் கிடைக்கற ஆக்சிஜன்

ஆள் உசரத்துக்கு நிக்கற பெரிய ஆக்சிஜன் சிலிண்டரை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில பார்க்காட்டியும் வெல்டிங் பட்டறை வாசல்ல பார்த்திருப்பீங்க. நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறை, திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டி செய்யற பட்டறை, எங்க போனாலும் வரிசையா நிக்கும். இரும்பை வெட்ட நாள் முழுக்க ஓடுது. அதே வாயு, மருத்துவத் தரத்துல, எனக்கு ராத்திரிக்குக் கால் மணி நேரம் வேணும். கையில டாக்டர் சீட்டு இருந்தும் கிடைக்க மாட்டேங்குது. வழக்கமா மழை, மரவள்ளி, மாடுன்னு எழுதறவன் இன்னைக்குக் கொஞ்சம் கோபமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு இருக்கறது கொத்துத் தலைவலி. கிளஸ்டர் தலைவலின்னு டாக்டருங்க சொல்றாங்க. நாம ஒத்தத் தலைவலின்னு சொல்ற மைக்ரேன் வேற, இது வேற. மைக்ரேன்காரங்க இருட்டறையில அசையாமப் படுத்துக்குவாங்க. இதுல படுக்கவே முடியாது. ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால கடப்பாறையை விட்டுக் கிண்டற மாதிரி இருக்கும். அந்தக் கண்ணு மட்டும் செவந்து தண்ணி கொட்டும், அந்தப் பக்க மூக்கு மட்டும் ஒழுகும். கால் மணி நேரத்துலயும் விடலாம், மூணு மணி நேரமும் போகலாம். ஒரே நாள்ல எட்டுத் தடவை வரைக்கும் வரும்னு புஸ்தகத்துல இருக்கு. எனக்கு மூணு. மாசி பிறந்தா ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இருந்துட்டு, வந்த மாதிரியே போயிடும். ராத்திரி ஒன்றரை மணின்னா ஒன்றரை மணி, கடிகாரம் தோத்துப் போகும். மூளைக்குள்ள பொழுதைக் கணக்கு வைக்கற ஹைப்போதலாமஸ்ங்கற இடத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கறதாலதான் இப்படிங்கறாங்க. அந்த நேரத்துல களத்துல நடப்பேன், கட்டுத்தறிச் சுவத்துல நெத்தியை முட்டுவேன். மாடுகளுக்கே பழகிப்போச்சு.

ஆயிரம் பேருக்கு ஒருத்தருங்கற அளவுக்கு இது இருக்கு. அப்படிப் பார்த்தா எங்க பஞ்சாயத்துலயே இன்னும் ரெண்டு மூணு பேர் இருக்கணும். அவங்க யாருன்னு அவங்களுக்கே தெரியாது. சைனஸ்னு மருந்து தின்னுட்டு இருப்பாங்க, இல்லாட்டி நல்ல பல்லைப் பிடுங்கியிருப்பாங்க. எனக்கும் சுக்குப் பத்து, நொச்சி ஆவி, கடைவாய்ப் பல்லு எல்லாம் முடிஞ்சு, பேர் தெரிய ஆறு வருஷம் ஆச்சு. அந்தப் பேரைச் சொன்னது சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு நரம்பு டாக்டர். அஞ்சு ரோட்டுலருந்து அந்தப் பக்கம் நடந்தா ஸ்கேன் சென்டர், லேப், ஆஸ்பத்திரின்னு பலகை பார்த்தே கழுத்து வலிக்கும். சுத்துப்பட்டு நாலு தாலுகா சனம் நோயைத் தூக்கிட்டு அங்கதான் போகுது. அந்த டாக்டர் பத்து நிமிஷம் கதை கேட்டாரு. ஸ்கேன் எழுதறதுக்கு முன்னாடியே என்ன நோய்னு சொல்லிட்டாரு. மனுசன் நல்லா இருக்கணும்.

அவர் எழுதிக் கொடுத்த முதல் மருந்தே ஆக்சிஜன். வலி கிளம்பின உடனே, பை வச்ச முகமூடியில, நிமிஷத்துக்கு 12 லிட்டர், 15 நிமிஷம். இது புதுசும் இல்லை. அமெரிக்காவுல ஹார்ட்டன்னு ஒரு டாக்டர் 1950-களிலேயே கொடுத்துப் பார்த்தது. 2009-ல லண்டன் டாக்டருங்க முறையா சோதனை பண்ணினாங்க. ஆக்சிஜன் கொடுத்தப்ப நூத்துக்கு 78 தாக்குதல் கால் மணி நேரத்துல அடங்கிச்சு அல்லது போதுமான அளவு குறைஞ்சுது. வெறும் காத்தைக் கொடுத்தப்ப 20 தான். வயித்தைக் கெடுக்காது, கிட்னியைத் தொடாது, ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு வரம்பும் கிடையாது. வருஷக் கணக்கா இந்த நோயோட குடும்பம் நடத்தறவனுக்கு இதை விடப் பத்திரமான மருந்து இல்லை.

விலைக் கணக்கையும் பாருங்க, நமக்குக் கணக்குதானே முக்கியம். 12 லிட்டர் வீதம் 15 நிமிஷம்னா 180 லிட்டர். பெரிய சிலிண்டர்ல 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். 38 தாக்குதலுக்கு வரும். கொரோனா சமயத்துல, 2020 செப்டம்பர்ல, மத்திய அரசோட மருந்து விலை ஆணையம் சிலிண்டர் ஆக்சிஜனுக்கு உச்ச விலை வச்சுது: வரி சேர்க்காம கன மீட்டருக்கு 25 ரூபா 71 காசு. ஒரு சிலிண்டர் வாயு 180 ரூபா. ஒரு தாக்குதலுக்கு அஞ்சு ரூபா கூட ஆகலை! டெபாசிட், ரெகுலேட்டர், வண்டி வாடகை தனி. அதையெல்லாம் சேர்த்தாலும் நான் மாட்டுக்கு வாங்கற தீவனச் செலவுல ஒரு ஓரம்.

சீட்டை எடுத்துட்டு அங்கயே ஒரு சிலிண்டர் கடைக்குப் போனேன். "தலைவலிக்கு ஆக்சிஜனா? நுரையீரல் பேஷன்ட்னு எழுதி வாங்கிட்டு வாங்க அண்ணா"ன்னாரு அங்க இருந்த தம்பி. இல்லாத நோயை எழுதி வாங்கணுமாம். இன்னொரு கடையில சிலிண்டர் தர்றேன்னாங்க, ஆனா ரெகுலேட்டர் 5 லிட்டருக்கு மேல வைக்க வேண்டாம்னு டாக்டருக்கே பாடம் எடுத்தாங்க. அஞ்சு லிட்டர்ல இந்த வலி அசையாது. என் கூடப் படிச்ச பட்டறைக்காரன், "நம்ம சிலிண்டரை எடுத்துட்டுப் போடா"ன்னான். அது மூக்குல வைக்கறதுக்குச் சுத்தம் பார்த்து அடைச்ச வாயு இல்லை. யாரும் அந்த விபரீதத்தைப் பண்ணாதீங்க.

சரி, எதெல்லாம் சீட்டே இல்லாமக் கிடைக்குதுன்னு பார்ப்போம்.

கம்பு விதைச்சவங்களுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும். கதிர்ல தேன் மாதிரி வடிஞ்சு, அப்புறம் மணிக்குப் பதிலா கறுப்புக் கட்டி நிக்கும். அதைத் தின்னா மாடும் கெடும், மனுசனும் கெடுவான். அதனாலதான் விதையை 10 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ உப்புக் கரைச்சு அதுல போட்டு, மிதக்கறதை அள்ளி வீசறோம். இதோட பங்காளிப் பூஞ்சை ஒண்ணு சீமையில ரை தானியத்துல வரும். அதுலருந்து எடுக்கறதுதான் எர்கோட்டமைன். ரத்தக் குழாயைச் சுருக்கி வலியை நிறுத்தும். அளவு மீறினா விரல் நுனிக்கு ரத்தம் போகாமக் கறுத்து அழுகும். அதே குடும்பத்து மெத்திசெர்ஜைடை வருஷக் கணக்கா இந்த நோய்க்குக் கொடுத்தாங்க. சிறுநீர்க் குழாயைச் சுத்தித் தழும்பு கட்டி இறுக்குதுன்னு தெரிஞ்சு பிறகு ஓரங்கட்டினாங்க. எர்கோட்டமைனைக் காபி சத்து, பாராசிட்டமாலோட கலந்த மாத்திரையை எங்க ஊர்க் கடையில "தலைவலி மாத்திரை ரெண்டு"ன்னு கேட்டாக் கிள்ளிக் கொடுக்கறாங்க. டைக்ளோஃபெனாக் ஊசி கேட்க வேண்டியதே இல்லை. ஸ்டீராய்டும் அப்படித்தான். கொத்துத் தலைவலிக்கு ஸ்டீராய்டு உண்மையிலேயே கேட்கும், சில நாள் கொடுத்துக் குறைச்சு நிறுத்தறதுக்கு. ஒவ்வொரு வருஷமும் மாசக் கணக்கா முழுங்கினா சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், இடுப்பு மூட்டே செத்துப் போகலாம்.

விரலை அழுக வைக்கறது சீட்டு இல்லாமக் கிடைக்குது. காத்து சீட்டு இருந்தும் கிடைக்கலை. இது என்ன நியாயம்னு கேட்கறேன்.

தாக்குதல் வராமத் தடுக்கற மாத்திரையும் உண்டு. முதல்ல கொடுக்கறது வெரபமில். அது பழைய பி.பி. மாத்திரை, விலை ஒண்ணும் பெருசில்லை. ஆனா இந்த நோய்க்கு இதயத்துக்குக் கொடுக்கறதை விட அதிக அளவு வேணும், அப்ப இதயத் துடிப்பு தடுமாறலாம். லண்டன்ல 2007-ல வந்த ஒரு கணக்குல, இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த 108 பேர்ல 21 பேருக்குத் துடிப்புல கோளாறு இருந்துச்சு. அதனால அளவு ஏத்தும்போதெல்லாம் இ.சி.ஜி. பார்க்கணும், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. பி.பி.க்கு அட்டெனலால் தின்னுட்டு இருக்கறவங்க இதோட சேர்த்தாத் துடிப்பு ரொம்ப இறங்கிடும். அடுத்தது லித்தியம். ரத்தத்துல அளவு, கிட்னி, தைராய்டு மூணையும் பார்த்துட்டே இருக்கணும். இதுல எங்களுக்குன்னு ஒரு ஆபத்து இருக்கு. சித்திரை வெயில்ல கடலைக்கொடி பிடுங்கி உடம்புத் தண்ணியும் உப்பும் வத்தினா லித்தியம் ரத்தத்துல ஏறும். சாயங்காலம் இடுப்பு வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டா இன்னும் ஏறும். ஏ.சி. அறையில உட்கார்ந்து எழுதற சீட்டுல இந்த வெயில் வரணும்.

வலி வந்த பிறகு போட சுமாட்ரிப்டான் ஊசி இருக்கு. கால் மணி நேரத்துல கேட்கும், ஆனா ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல ஆகாது, இதய நோய் இருந்தாத் தொடவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல 2021-ல சேர்ந்தது மாத்திரைதான். அது கரைஞ்சு வேலை செய்யறதுக்குள்ள என் தாக்குதலே முடிஞ்சுடும்.

ஆக்சிஜனை வீட்டுக்குக் கொடுத்தா ஆபத்துன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நெருப்புப் பயம் உண்மைதான். இந்த நோய்க்காரங்கள்ல பீடி சிகரெட் குடிக்கறவங்க அதிகம், எங்க வீடுகள்ல விறகடுப்பும் இருக்கு. நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கறவங்களுக்கு டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும். அதைச் சொல்லிக் கொடுங்க. அதே சமையல்கட்டுல கேஸ் சிலிண்டர் வைக்கச் சொல்லிக் கொடுத்த அரசாங்கம்தானே இது? பற்றாக்குறைன்னும் சொல்ல முடியாது. 2021 மே மாசம், சேலம் உருக்காலை வளாகத்துல 500 ஆக்சிஜன் படுக்கையைச் சில வாரத்துல போட்டுக் காட்டினாங்க. இரும்புக்குப் போற வாயுவை மனுசனுக்குத் திருப்ப நம்ம ஊருக்குத் தெரியும்.

இங்கிலாந்துல 2012-லருந்தே அரசு வழிகாட்டுதல், கொத்துத் தலைவலிக்காரங்களுக்கு வீட்டுக்கு ஆக்சிஜன் ஏற்பாடு பண்ணச் சொல்லுது. அமெரிக்காவுல முதியோர் காப்பீடான மெடிகேர் இதுக்குப் போட்டு வச்சிருந்த தடையை 2021-ல எடுத்தாங்க. அதே 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சர்க்கரை மாத்திரையை எங்க வாசல்லயே கொடுக்குது. அந்தப் பையில வெரபமிலும் வரட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துல அதுக்கு இ.சி.ஜி. எடுக்கட்டும். பிப்ரவரியிலருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு சிலிண்டரும் 15 லிட்டர் ரெகுலேட்டரும் அங்கயே வாடகைக்குக் கிடைக்கட்டும்.

நகரத்துலருந்து வர்ற சொந்தக்காரங்க, "கிராமத்துல உனக்கு என்னப்பா டென்ஷன், தலைவலி எப்படி வரும்?"னு சிரிக்கறாங்க. அவங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். கொரோனா வந்தப்ப வாங்கி இப்ப பரண்ல கிடக்கற உங்க ஆக்சிஜன் மெஷின் வேண்டாம், அது பெரும்பாலும் 5 லிட்டர். உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாராவது இருந்தா, சீட்டுல "ஆக்சிஜன்"னு மட்டும் எழுதாம, நோயோட பேர், 12 லிட்டர், 15 நிமிஷம், பை வச்ச முகமூடி, நுரையீரல் நோய் இல்லைன்னு அஞ்சையும் தெளிவா எழுதச் சொல்லுங்க. ஃபேர்லேண்ட்ஸ்ல நான் அடுத்து ஏறப்போற கடைக்கு அப்படி ஒரு சீட்டைத்தான் கொண்டு போறேன். மாசிக்கு இன்னும் அம்பது நாள் இருக்கு.