நகமும் சதையும்

ஒரு காலத்தில் பஸ், ரயில், சினிமா தியேட்டர் என்று எங்கே பார்த்தாலும் அலறிய நோக்கியா மணி ஞாபகம் இருக்கிறதா? அந்த மெட்டு, பிரான்சிஸ்கோ தாரேகா என்கிற ஸ்பானியர் கிடாருக்காக எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற உருப்படியிலிருந்து எடுத்தது. மனிதர் கடைசிக் காலத்தில் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வெறும் விரலால் வாசித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிளாசிக்கல் கிடார் கற்கப் போனால் நம் காதைப் பார்ப்பதற்கு முன் வலது கை நகத்தைப் பார்க்கிறார்கள். 'வளர்த்தே ஆகணும் சார்!' வளர்க்கலாம். ஆபீசில் கீபோர்டு, பஸ்ஸில் கம்பி, வீட்டில் தேங்காய் மூடி. நகம் உடைகிற அன்றைக்கே பலர் கிடாரை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். பெர்னாண்டோ சோர் என்ற மேதை நகமில்லாமல் வாசித்தவர். நகத்தின் ஓசை தனக்கு ஆகாது என்று 1830-ல் வெளிவந்த தன் பாடப் புத்தகத்திலேயே எழுதியவர். அவருடைய நண்பர் அகுவாதோ நகக் கட்சி. இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் ஓர் உருப்படி எழுதினார். பெயர் 'இரண்டு நண்பர்கள்'. நகமும் சதையும் போல என்று நாம் சொல்வது இவர்களுக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது.

விஷயம் எளிது. நகம் கெட்டி, தந்தி சட்டென்று விடுபட்டுப் பளிச்சென்று ஒலிக்கும். சதை மெத்து, கூர்மை குறையும், சத்தமும் கொஞ்சம் குறையும், ஆனால் நாதம் உருண்டு வரும். கூர்மை வேண்டுமா? கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள்.

மிச்சத்தைத் தந்தி பார்த்துக்கொள்ளும். சோர் காலத்தில் ஆட்டுக் குடல் தந்தி; லேசான சொரசொரப்பு, விரலுக்குப் பிடி கிடைக்கும். 1940-களில் போரினால் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வர, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானுக்கு மாற்றினார். நைலான் வழுவழு. எனவே வெறும் விரல்காரர்கள் கடையில் 'ஹார்டு டென்ஷன்' கேட்காமல் 'நார்மல்' அல்லது 'லைட்' கேட்பது நல்லது. ஒலி மந்தமாகத் தோன்றினால் கார்பன் தந்தி; நைலானைவிட மெலிசு, பளிச். குறிப்பாக மூன்றாம் தந்திக்கு உயிர் வரும். குடல் தந்தியின் குணம் வேண்டுமென்றால் இத்தாலிக்காரர்களின் 'நைல்கட்' இருக்கிறது.

ஸ்டீல் தந்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நைலான் செட் மொத்தமாகச் சுமார் 40 கிலோ இழுக்கிறது; ஸ்டீல் சாதாரணமாக 70-ஐத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

புதுத் தந்தி நாலைந்து நாள் இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் 'கம்பெனி சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம் வாசியுங்கள். உங்கள் விரலுக்கு எது ஒத்துவருகிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

நகவெட்டி வீட்டில் இருக்கிறதல்லவா? அப்புறமென்ன, தைரியமாக வெட்டுங்கள்.