இலவசம் வேறு, கட்டற்றது வேறு

போன மாதம் வீட்டுக்குப் புதுக் கணினி வந்தது. பழையதற்கு ஒன்பது வயது. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட்டுப் பார்த்தோம், "உன் இயந்திரத்துக்கு அந்தத் தகுதி இல்லை" என்று சொல்லிவிட்டது. எழுபதைத் தாண்டிய எனக்கு இந்தப் பதில் புதிதல்ல, பல இடங்களில் கேட்டிருக்கிறேன்.

ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு சனிக்கிழமை என்னை ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனார். கடைத் தம்பி நல்ல மாதிரி. பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "அய்யா, ஐந்நூறு ரூபா மட்டும் சேர்த்துக் குடுங்க. ஆபீஸ், போட்டோ, தமிழ் ஃபான்ட், ஆன்டிவைரஸ், எல்லாமே போட்டுத் தந்துர்றேன். எல்லாம் ஃபுல் வெர்ஷன், ஃப்ரீ" என்றார்.

"ஃப்ரீன்னா எந்த ஃப்ரீ தம்பி?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மருமகனும்தான்.

நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்குப் பிற்பாடு வந்தது, அதுவும் அரசாங்க உத்தியோகத்துக்காக. அந்த 'ஃப்ரீ' என்ற சொல்லோடு எனக்கு அப்போதே தகராறு. ஆங்கிலத்தில் காசில்லாமல் கிடைப்பதும் ஃப்ரீ, சிறையிலிருந்து வெளியே வந்தவனும் ஃப்ரீ. பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். காசு வேண்டாம் என்றால் 'கிராத்துயி'. கட்டுப்பாடு இல்லை என்றால் 'லிப்ர்'. எங்கள் வாத்தியார் இப்படி விளக்குவார்: பாரிஸில் ஒரு கடை வாசலில் 'ஆன்த்ரே லிப்ர்' என்று எழுதியிருந்தால் உள்ளே சாமான் சும்மா கிடைக்கும் என்று அர்த்தமில்லை. உள்ளே வரலாம், பார்க்கலாம், எதுவும் வாங்காமல் திரும்பியும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அர்த்தம்.

நம் தமிழும் இந்த விஷயத்தில் பிரெஞ்சு மாதிரிதான். இலவசம் என்றும் விலையில்லா என்றும் சொல்கிறோம். அது கிராத்துயி. கட்டற்ற மென்பொருள் என்று சொல்கிறோம். அது லிப்ர். 2011-இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது 'விலையில்லா மடிக்கணினி'. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே பெட்டியில் விலையில்லாததும் கட்டற்றதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எத்தனை பிள்ளைகள் வித்தியாசம் பார்த்திருப்பார்களோ!

கடைத் தம்பி சொன்ன ஃப்ரீ இந்த இரண்டிலும் சேராது. அது பூட்டை உடைத்து எடுத்த சரக்கு. உடைத்தவன் உள்ளே வேறு என்ன வைத்துவிட்டுப் போனான் என்று யாருக்கும் தெரியாது. பென்ஷன் கணக்கு பார்க்கும் கணினியில் அது வேண்டாம் என்று சொல்லி, கணினியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

சரி, பூட்டை உடைக்காத இலவசத்துக்கு வருவோம். காசும் இல்லை, குற்றமும் இல்லை, பிறகு லிப்ர் எதற்கு? இந்தக் கேள்விக்கு என் வீட்டிலேயே ஒரு பதில் இருந்தது.

என் மனைவி 2003-லிருந்து இரண்டு வருஷம் சாயங்கால வேளைகளில் உட்கார்ந்து, தன் அம்மாவின் சமையலையும் வீட்டுப் பழக்கவழக்கங்களையும் கணினியில் தட்டச்சு செய்து வைத்தாள். நூற்றுச் சொச்சம் பக்கம். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்தாள். அதன் பெயர் இப்போது வேண்டாம். கணினியை விற்கும்போது எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டு பீரோவில் வைத்தோம். அவள் போன பிறகு அந்த சிடியை நான் தொடவில்லை. மனசு வரவில்லை.

புதுக் கணினி வந்ததும் மகள் கேட்டாள். புதியதில் சிடி போடும் வசதியே இல்லை. பழைய கணினியில் போட்டு, பென்டிரைவில் நகல் எடுத்துத் திறந்தோம். பேத்தி திரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பாட்டி எழுதுனது எல்லாம் இங்கிலீஷா வருதே" என்றாள். இங்கிலீஷ்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் சதவீதக் குறிகளும் கலந்த ஒரு குப்பை. நூற்றுச் சொச்சம் பக்கமும் அப்படியே.

நடந்தது இதுதான். அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் உண்மையில் தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துக்கான எண்ணைச் சேமித்துவிட்டு, அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தின. ஒரு நிறுவனத்தின் 'க' இன்னொரு நிறுவனத்தின் 'ப'. எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். அது போனால் போர்வை விலகிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் கொண்டுவந்தார்கள். தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கொடுத்த யூனிகோடு 1991-லேயே வந்துவிட்டாலும், தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010-இல்தான். என் மனைவி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். பீரோ நம்முடையது, உள்ளே இருக்கும் ஃபைலும் நம்முடையது, சாவி மட்டும் அடுத்தவர் கையில். அவர் கடையை மூடிவிட்டுப் போனால் நாம் பீரோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த எழுத்துரு எங்களுக்கு இலவசமாகத்தான் வந்தது, கிராத்துயி. ஆனால் லிப்ர் இல்லை.

என்எச்எம் கன்வர்ட்டர் என்று ஒரு மாற்றி இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் பலவற்றை யூனிகோடாக மாற்றும். அதில் போட்டதும் பெரும்பகுதி தமிழாக எழுந்து வந்தது. சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன. பதினோரு நாள் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினேன். ஒன்று மட்டும் மீளவில்லை. அரை, கால் என்ற பின்ன அளவுகள் வரும் இடத்தில் எல்லாம் வெறும் கேள்விக்குறி. "வெல்லம் ? படி, தேங்காய் ? மூடி" என்று இருக்கிறது. கேட்க அவள் இல்லை.

அதனால் புதுக் கணினிக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள மென்பொருள் இலவசமாக இருந்தாலே போதும். நாம் எழுதிச் சேர்த்து வைக்கும் மென்பொருள் மட்டும் கட்டற்றதாக இருக்கவேண்டும், அல்லது எழுதியதை வேறொன்றில் திறக்கும்படியாவது விடவேண்டும்.

இந்த விதிப்படி நான் போட்டுக்கொண்டவை:

எழுதுவதற்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ். பெயரிலேயே என் பள்ளிக்கூடத்துச் சொல் இருக்கிறது. இது முன்பு ஓப்பன் ஆபீஸாக இருந்தது. 2010-இல் அதை வைத்திருந்த நிறுவனம் கைமாறியது. வேலை செய்துவந்த தன்னார்வலர்களுக்கு நம்பிக்கை குறைந்தது. மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேறு பெயரில் தொடர்ந்தார்கள். கட்டற்றது என்பதன் பலன் அதுதான்: கடைக்காரர் மாறினாலும் சாவி நம்மிடம் இருக்கும். இது சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம். பிரான்சில் ஜாந்தார்மரி என்ற காவல் படை 2005-லேயே ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. சில வருஷத்தில் பல்லாயிரம் கணினிகளை லினக்ஸுக்கும் மாற்றியது. போலீஸ்காரர்களுக்கே சரிப்பட்டது, எனக்குச் சரிப்படாதா?

தமிழ் அடிக்க விண்டோஸில் இப்போது தமிழ்99 கூடவே வருகிறது. அது போதாதவர்களுக்கு இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று நம்மவர்கள் செய்தவை இருக்கின்றன. எதில் அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள், அவ்வளவுதான்.

பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி. 1996-இல் பாரிஸின் எக்கோல் சாந்த்ரால் மாணவர்கள் ஆரம்பித்த வேலை. 2001 முதல் கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. அந்த ஆரஞ்சு நிறக் கூம்பைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பெருமை, காரணம் கேட்காதீர்கள்.

புகைப்படம் பார்க்க இர்ஃபான்வியூ. இது கட்டற்றது அல்ல, வீட்டு உபயோகத்துக்கு இலவசம் மட்டுமே. பரவாயில்லை. நாளைக்கு அது நின்றுபோனாலும் என் புகைப்படங்கள் புகைப்படங்களாகவே இருக்கும், வேறொன்றில் திறந்துகொள்ளலாம். விதி இங்கே இப்படித்தான் உதவுகிறது.

கோப்புகளைச் சுருக்க, விரிக்க 7-ஸிப். இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ். வைரஸுக்குத் தனியாக எதுவும் போடவில்லை, விண்டோஸோடு வருவது என் போன்றவர்களுக்குப் போதும்.

பழைய கணினியைத் தூக்கிப் போடவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் போட்டோம். 2006-இல் அதை ஆரம்பித்த கிளேமான் லெஃபேவ்ரும் பிரெஞ்சுக்காரர்தான். தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட இயந்திரத்தில் பேத்தி இப்போது பைத்தான் பழகுகிறாள். அதைப் பார்க்கும்போது என் வயதுக்காரனுக்கு ஒரு ஆறுதல்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மருமகன் அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் வேர்ட் கோப்புகளை லிப்ரே ஆபீஸில் திறந்தால் சில சமயம் கட்டங்கள் நகர்ந்து நிற்கும். நாள் முழுக்க அப்படிப்பட்ட கோப்புகளோடு வேலை செய்பவர்கள் காசு கொடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்குவதில் தப்பே இல்லை. காசு கேட்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. கட்டற்ற மென்பொருளை உழைத்து உருவாக்குகிறவர்களுக்கும் வயிறு உண்டு, முடிந்தவர்கள் நன்கொடை கொடுக்கலாம். கடையில் கேட்ட ஐந்நூறு ரூபாயை நான் அந்தக் கணக்கில் எழுதிவிட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய கோப்பை இன்றைக்கே திறந்து பாருங்கள். அது பழைய சிடியாக இருக்கலாம், பென்டிரைவாக இருக்கலாம். தமிழாக வந்தால் சந்தோஷம். குப்பையாக வந்தால், எழுதியவரைக் கேட்க முடிகிற காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

வெல்லம் எத்தனை படி என்று இன்னும் தெரியவில்லை. மகள் முதலில் அரைப் படி போட்டுப் பார்த்தாள். அதிகம். அடுத்த வெள்ளிக்கிழமை கால் படி போட்டுப் பார்க்கப் போகிறாளாம்.