முத்திரை இல்லாத வெப்பமானி

தன்னார்வலர்கள் அளந்து தரும் கடல்நீர் வெப்பநிலைக் குறிப்புகளை இனிமேல் ஏற்பதில்லை என்று அதிகாரிகள் உத்தரவாம். படகுத்துறையில் நின்று அளக்கவும் முன் அனுமதி வேண்டுமாம். பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கடற்கரையில் இதே பேச்சாக இருப்பதால் உத்தரவின் வாசகத்தை இங்கே மறுபடி அச்சிட வேண்டியதில்லை. அனுமதி விஷயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனு எழுதி நமக்குப் பழக்கம்தான். பொறுக்க முடியாதது அவர்கள் சொல்லும் காரணம்: கருவிகளுக்குத் தரச்சான்று இல்லை.

கல்லூரிப் பிள்ளைகளும் வல்லத்துக்காரர்களும் வைத்திருப்பது சில நூறு ரூபாய் டிஜிட்டல் வெப்பமானி. அது பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஆணையம் எதுவும் கூட வேண்டாம். நல்ல தண்ணீர் ஐஸை நொறுக்கி, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் கூழாக்கி உள்ளே வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அடுத்து, முப்பது டிகிரிச் சூட்டில் ஆய்வகத்து வெப்பமானியோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அரை டிகிரி கூடவோ குறையவோ காட்டினால் அதைக் குறித்துவைத்துத் திருத்திக்கொள்ளலாம். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்? கருவியைவிட முக்கியம் அளக்கும் ஒழுங்கு. தினமும் ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே நேரம். காற்று விழுந்த நாளில் பிற்பகல் மேல்நீர் காலையைவிட ஒரு டிகிரிக்கு மேலும் சூடாகிவிடும். இதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியுமா என்பதுதான் நம் சந்தேகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் கித்தான் வாளியைக் கடலில் இறக்கி, தூக்கி, அதற்குள் வெப்பமானியை வைத்துப் படித்தார்கள். மேலே வருவதற்குள் ஈரக் கித்தானில் காற்றுப் பட்டு நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னால் வந்த விஞ்ஞானிகள் அந்த ஏடுகளைக் குப்பையில் போடவில்லை. எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று கணக்கிட்டுத் திருத்திக்கொண்டார்கள். கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று உலகம் சொல்லும் கணக்கின் பழைய பகுதி அந்த வாளிகளால் ஆனது. கலிபோர்னியாவின் லா ஹோயா படகுத்துறையில் 1916 முதல் நாள்தோறும் கையால் அளந்து வருகிறார்கள். 1931இல் பதிவான உச்சம் 2018 ஆகஸ்டில் முறிந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது, இடையில் எவரும் முத்திரை கேட்டு அந்த ஏட்டை மூடாததால்தான். பிழையுள்ள அளவைப் பிறகு திருத்தலாம். எடுக்காத அளவை என்ன செய்வது?

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரில் அது பார்ப்பது மயிரிழையைவிட மெல்லிய மேல்தோலை. மேகம் வந்தால் அதுவும் இல்லை. பவளப்பாறைகளுக்கென்று உலகெங்கும் பார்க்கப்படும் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு கட்டம் ஐந்து கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவில் நம் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே அப்படி எத்தனை கட்டம் கொள்ளும்? வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி ஏறிச் சில வாரம் நின்றாலே பவளம் தன்னுள் வாழும் பாசியைக் கக்கி வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் இந்த வளைகுடாவில் அதைப் பார்த்தோம். ஆளுயர ஆழத்தில் கிடக்கும் பாறையைச் சுற்றி நீர் எவ்வளவு கொதிக்கிறது என்று அறிய, பக்கத்தில் போய் அளப்பவன் வேண்டும்.

தரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்களின் பழைய கணக்கையும் பார்த்துவிடுவோம். 1986இல் இந்தத் தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் பவளக்கல் வெட்டு நிற்கவில்லை. சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்கும் கல் போய்க்கொண்டே இருந்தது. இருபத்தொரு தீவுகளில் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. அன்று வெட்டிய கல்லை எந்தச் சான்று பெற்ற தராசில் நிறுத்தார்கள்? பிறகு பிழைப்புக்கு வழி என்று வெளிநாட்டுக் கடற்பாசி ஒன்றை இந்த நீரில் வளர்க்க விட்டார்கள். அது குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்துவிட்டதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அனுமதித்தவர்கள் அதற்கு முன் ஒரு வாளித் தண்ணீராவது மொண்டு பார்த்தார்களா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சான்றிதழ் பெற்ற கருவிகள் அன்றும் இருந்தன. ஒவ்வொரு முறையும் நாற்காலியில் ஆள் மாறியிருக்கலாம். கரையில் இருப்பவன் சொல்லைக் காதில் வாங்காத வழக்கம் மட்டும் மாறவில்லை. நீவாடு என்னும் நீரோட்டம் மாறியதை இவர்களுக்கு முன்பே சொல்லக்கூடியவன் இன்று அனுமதிக் கடிதத்தோடு வரிசையில் நிற்க வேண்டும்!

குறிப்புகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று ஒருவர் பேசியதாகவும் கேள்வி. முப்பத்திரண்டு டிகிரி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மீனவன் பயப்பட மாட்டான். பயப்படுகிறவர்கள் யார் என்று நமக்கும் தெரியும்.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் கிடக்கும். பாறைகள் அதிகம் சூடேறும் வாரங்களும் அவையே. அளக்க ஆளும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும் அந்தக் காலத்தில் ஏடு வெறுமையாகக் கிடக்கப்போகிறது. அதற்கு முன் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும், அல்லது ஏதாவது ஒரு நல்ல வழி காண வேண்டும். என்ன வழி என்று யோசிக்கத்தானே அவர்களுக்குச் சம்பளம்?