கடல் கடந்து பந்தாடல்

கோடைக்காலத்திற் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்வார் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். நீர் வற்றிய ஊருணியின் நடுவே, இரு புறமும் செங்கல் அடுக்கிக் கோல் அமைத்து, வெயில் தாழ்ந்தது முதல் பந்து கண்ணுக்குத் தெரியாத இருள் வருமட்டும் சிறுவர் ஓடியாடிக் கொண்டிருப்பர். அவர்தம் சட்டையின் முதுகைப் படித்தால் மாட்ரிட், மான்செஸ்டர், மிலான் என்னும் ஊர்களுக்குரிய வீரர் பெயர்கள் காணப்படும். எம்மூரார் ஒருவர் பெயர் எழுதிய சட்டையை யாம் இதுகாறும் கண்டிலேம்.

சென்ற விடுமுறையில் அச் சிறுவருள் ஒருவனை அழைத்து, “பெரியவனானால் எங்கே ஆடுவாய், தம்பி?” என்று வினவினோம். “ஐரோப்பாவுக்குத்தான், அண்ணே” என்றான் அவன், சற்றும் தயங்காமல். கரையில் அமர்ந்து ஆடு மேய்த்திருந்த முதியவர், “நம்ம ஆளை அங்கே எவன் சேர்த்துக்குவான், அப்பு?” என்று கூறி நகைத்தார். இவ்விருவருள் யார் கூற்று மெய்யென்னும் ஐயம் எம்மை விட்டு நீங்காமையின் இதனை எழுதப் புகுந்தோம்.

முதியவர் பக்கம் சான்று மிகுதி. ஐரோப்பாவில் ஆடிய முதல் இந்தியர் முகம்மது சலீம் என்பார். கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்து ஆட்டக்காரராகிய இவர், 1936-ஆம் ஆண்டில் உறவினர் ஒருவரோடு கப்பலேறிச் சென்று, கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பூட்ஸ் அணியாது, காலிற் றுணி சுற்றிக்கொண்டு ஆடினார். கால்ஸ்டன் என்னும் கழகத்தைச் செல்டிக் 7-1 என்று வென்ற ஆட்டம் அவற்றுள் ஒன்று. பத்திரிகைகள் அவரை இந்திய வித்தைக்காரர் என்று புகழ்ந்தன. கழகத்தார் தங்கியிருக்குமாறு வேண்டினர். அவரோ வீட்டு நினைவு மிக்கவராய் அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினார். அவர்க்குப் பின் அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1999-இல், பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தில் அப்போது மூன்றாம் படியிலிருந்த பரி என்னும் கழகத்திற் சேர்ந்தார். 2009-இல் சுனில் சேத்ரியை இலண்டனிலுள்ள குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் ஏற்க முன்வந்தது. ஆனால் உலகத் தரவரிசையில் இந்தியா முதல் எழுபதுக்குள் இல்லை என்னும் காரணத்தால் வேலை அனுமதி மறுக்கப்பட்டது. நாம் அவ்வரிசையில் எட்டிய மிக உயர்ந்த இடம் 1996-இல் 94; 2025-இல் 130-க்கும் கீழே இறங்கினோம். ஆட்டக்காரன் எத்துணைத் திறமையுடையனாயினும், நாட்டின் தாழ்வு அவன் கணக்கில் எழுதப்படுகின்றது. இப்பொழுது இங்கிலாந்தில் நடைபெறும் புள்ளிமுறையிலும், பதினைந்து புள்ளி சேர்ப்பதற்கு ஆடிய கூட்டுப்போட்டியின் தரமும், நாட்டுக்காக ஆடிய ஆட்டங்களும் முதலிற் பார்க்கப்படும். சிறுவர் சட்டையில் எழுதிய ஊர்களுக்கு நேர்வழி அடைபட்டே கிடக்கின்றது.

ஆயின் நேர்வழியிற் சென்றவர் யார்? பாரசீகராகிய ஈரானியரைக் காண்க. அவர்தம் மக்கட்டொகை ஏறத்தாழ ஒன்பது கோடி. தமிழ்நாட்டின் தொகையினும் சிறிதே மிகுந்தது. அந்நாட்டினின்று அலி தாயி 1998-இல் பாயர்ன் மியூனிக் சேர்ந்தார் என்பதை எல்லாரும் பேசுவர். அதற்கு முந்திய ஆண்டு அவர் பீலபெல்டு என்னும் சிறிய ஜெர்மானியக் கழகத்திற் சேர்ந்ததை யாரும் பேசார். அலிரெசா ஜகன்பக்ஷ் என்பவர் 2013-இற் பத்தொன்பது வயதில், எம்மையொத்த பருவத்தினராய், ஹாலந்து நாட்டு நைமேகன் நகரக் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகம் அடுத்த ஆண்டு இரண்டாம் படிக்கு இறங்கிற்று; அவரும் உடன் இறங்கி ஆடினார். 2018-இல் அந்நாட்டு முதற்படிப் போட்டியில் 21 கோல் அடித்து யாவரினும் முதல்வராயினார். அதன் பின்னரே இங்கிலாந்து அவரை அழைத்தது. மெஹ்தி தாரெமி கத்தார் நாட்டிற் பொருள் மிகுந்த கழகத்தில் இருந்தவர். 2019-இல் அதனை விட்டு, போர்ச்சுகலில் ரியோ ஆவே என்னும் சிறிய கழகத்துக்குச் சென்றார். ஓராண்டில் 18 கோல், அதன்மேற் போர்ட்டோ, 2024-இல் மிலான் நகரத்து இன்டர். பெரிய வீட்டின் தலைவாயில் அடைத்திருப்பக் கொல்லைப்புறம் வழியாகப் புகுந்தவர் இவர்.

எனவே நம் இளைஞர் பெருங்கழகங்களைக் கருதி ஏங்குதலை ஒழித்து, நார்வே, சைப்ரஸ், போர்ச்சுகல் முதலிய நாடுகளின் சிறு கழகங்களைப் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே நாடல்வேண்டும் என்பது எம் கருத்து. பதினெட்டுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுதலை, சில விலக்குகள் நீங்கலாக, உலகச் சம்மேளனம் தடுத்துள்ளது. இருபத்தைந்து கடந்தபின் விரும்பி ஏற்பார் குறைவு. இடைப்பட்ட காலம் சிறிது. சேத்ரி லிஸ்பனிலுள்ள ஸ்போர்ட்டிங் கழகத்து இரண்டாம் அணிக்கு 2012-இற் சென்றபோது அவர்க்கு வயது இருபத்தேழு.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். அவர் கூற்றை எளிதில் தள்ளலாகாது. இந்தியாவிலேயே ஆண்டுக்குப் பல இலக்கம் பெறுபவன், குடும்பத்துக்கு அவ்வொருவனே தூணாக நிற்பவன், குறைந்த ஊதியத்துக்குப் பனி நாட்டிற் போய்ப் பலகையில் உட்காருவானேன் என்பர். இதனைக் கூறுவோர் பலர் தாமே அரசாங்க உத்தியோகம் தேடும் எம் போன்ற மாணாக்கர் என்பதையும் மறைத்தற்கில்லை. பிறர் தியாகம் செய்யவேண்டும் என்று விடுதித் திண்ணையிலிருந்து சொல்வது எளிது. ஆயினும் உள்ளூர்ச் சம்பளம் நிலையானது என்னும் எண்ணம் 2025-இற் குலைந்தது. கூட்டுப்போட்டியை நடத்தும் உடன்படிக்கை முடிவுறும் தறுவாயில் புதியதொன்று எழுதப்படாமையின், ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது; சில கழகங்கள் ஆட்டக்காரரின் சம்பளத்தையே நிறுத்தின. நிழலென்று நம்பியிருந்த மரம் ஒரு மாதத்தில் இலையுதிர்த்தது.

செட்டிநாட்டிற் பிறந்தோர்க்கு இவ்விஷயத்திற் பிறரிடம் பாடங் கேட்கவேண்டுவதில்லை. நகரத்தார் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று சொல்லுவர். பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்னும் இடங்களுக்கு இங்கிருந்து சென்றோர் முதலாளியாகச் சென்றாரல்லர். மீசை அரும்பாத பருவத்திற் பெட்டியடிப் பையனாகச் சென்று, கணக்கெழுதக் கற்று, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகினர். மூன்றாண்டு ஒரு கணக்கு, கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவர், மீண்டும் போவர். வீட்டுக்கு வந்தவனை ‘தோற்று வந்தான்’ என்று எவரும் ஏசியதில்லை. (அவ் வட்டித்தொழிலால் பர்மியக் குடியானவரின் நிலம் பெருவாரியாகக் கைமாறிய வரலாற்றையும் யாம் அறிவோம், ஈண்டு எடுத்துக்கொண்டது தொழிலை அன்று, தொழில் கற்ற முறையை.)

இதனினும் முக்கியமானது கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் வீதியில் இருந்த கிட்டங்கிகளைப்பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நீண்ட கூடம், ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு மேசையும் பெட்டியும், பகலில் அவ்விடமே தொழிற்சாலை, இரவில் அவ்விடமே படுக்கை, எல்லார்க்கும் பொதுவாக ஒரு சமையற்காரர். புதிதாய் வந்த பையன் மொழி தெரியாது விழிக்கும்போது, ‘ஏம்ப்பா, சாப்பிட்டியா?’ என்று கேட்பதற்கு ஊரார் ஒருவர் அருகிலிருந்தார். சலீம் என்பார்க்கு இல்லாதிருந்தது காற்றிறமை அன்று. கிளாஸ்கோ நகரில் அவர்க்கொரு கிட்டங்கி இல்லை. கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வே நாட்டு ஸ்டாபேக் கழகத்திற் சேர்ந்து, பெரும்பான்மையும் இரண்டாமவராகவே காத்திருந்து, 2016 ஜூனில் ஐரோப்பியக் கழகங்களுக்கான போட்டியில் ஆடினார். முதலணியில் அவ்வாறு ஆடிய முதல் இந்தியர் அவர். அவ்வளவு காலம் தனியே தாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. அக்கழகம் ஆஸ்லோ நகரை அடுத்துள்ளது. ஆஸ்லோவிலோ ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழ்கின்றனர். இலண்டனிலும் டொரொன்றோவிலும் அவ்வாறே. நம் பையன் ஒருவன் அங்குச் சென்றால், வாரம் ஒருமுறை சோறும் குழம்பும் இட்டு, அந்நாட்டு மொழியில் நான்கு சொல் கற்பிக்க ஒரு வீடு கிட்டாதா? கிட்டும். கேட்பார்தாம் இல்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளும் இப்பொழுது பந்தாடத் தொடங்கியுள்ளனர்: இலங்கைத் தமிழ்ப் பெற்றோர்க்கு வேல்ஸ் நாட்டிற் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழக முதலணியில் இறங்கினார்.

நங்கையர் இத்துறையில் ஆடவரை முந்துகின்றனர் என்பதையும் குறிக்கவேண்டும். 2020-இல் மணிப்பூரைச் சேர்ந்த பாலாதேவி ஸ்காத்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்திலும், 2022-இற் பஞ்சாபைச் சேர்ந்த மனீஷா கல்யாண் சைப்ரஸ் நாட்டு அப்போலோன் கழகத்திலும் சேர்ந்தனர். இவரைப்பற்றி நம் விடுதியிற் பேச்சில்லை.

இனி எம்மூர்ப் பக்கத்தார் ஒருவரைப்பற்றி. காரைக்குடியை அடுத்த கண்டனூரிற் பிறந்த சிவசக்தி நாராயணன், 2022-ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில், கல்கத்தாவில், பெங்களூரு கழகத்தின் முதற் கோலை அடித்தார். மும்பையை 2-1 என்று வென்று கோப்பை பெங்களூருக்குச் சென்றது. அடுத்த ஆண்டு கூட்டுப்போட்டியில் வளரும் ஆட்டக்காரர்க்குரிய பரிசும் அவர்க்கே கிடைத்தது. அன்று அவ்வணியிற் கோல்காத்தவர் நார்வேயினின்று மீண்ட சந்து. தலைவர் லிஸ்பனினின்று மீண்ட சேத்ரி. (பரிசளிப்பு மேடையிற் படத்திற்கு நிற்கும் ஆவலால் அத்தலைவரைக் கையால் ஒதுக்கிய பெரியோரையும் நாடு கண்டது, அதனை விரிப்பின் பெருகும்.) ஐரோப்பாவினின்று மீண்டவரைத் தோற்றவர் என்பார் அவ்வணியை நினைக்க. அவர் கொண்டுவந்த கல்வியை ஒரு கண்டனூர்ப் பிள்ளை அருகிருந்து கற்றார். கணக்கு முடித்து வந்தவன் அடுத்த பெட்டியடிப் பையனைப் பழக்குதல் போன்றது இது.

போவோர் யார் கையைப் பற்றிப் போவது என்பதே கடினமான வினா. எம் விடுதித் தோழர் ஒருவர், ஆத்தங்குடிக் கல் பதிக்கும் தொழிலாளியின் மகன், இடப்பக்கத்து ஆட்டத்திற் சிறந்தவர். சென்ற ஆண்டு ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஐரோப்பியக் கழகம் ஒன்றில் ஆட்டத் தேர்வுக்கு இடம் வாங்கித் தருவதாகவும், நான்கு இலக்கம் முன்பணம் கட்டவேண்டுமெனவும் கூறினார். கழகத்தின் முத்திரையோடு ஒரு கடிதமும் வந்தது. தோழரின் அன்னையார் காதிற் கிடந்த தோட்டைக் கழற்றி வைத்துவிட்டார். நல்வினையாக எம் உடற்பயிற்சி ஆசிரியர் அக்கடிதத்தை வாங்கிப் பார்த்து, “இந்த முகவருடைய உரிம எண்ணைக் கேள்” என்றார். கேட்டபின் அவ்வழைப்பு மறுபடி வரவில்லை. முகவர்க்குத் தேர்வும் உரிமமும் வேண்டும் என்று உலகச் சம்மேளனம் 2023-இல் விதித்ததை அவ்வாசிரியர் சொல்லியே யாம் அறிந்தோம். அப்படி ஒரு விதி இருப்பதை ஊருணியில் ஆடும் பிள்ளைகளின் தந்தையருள் எத்துணைப் பேர் அறிவர்?

அவர்க்குத் தெரியாத விதி இன்னுமொன்று உண்டு. உடன்படிக்கை முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் விலை பெற்று நாடு விட்டு நாடு மாறினால், அவ்விலையில் நூற்றுக்கு ஐந்து, அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று வயது வரை பழக்கிய கழகங்களுக்குப் பிரித்துத் தரப்படல் வேண்டும். சிற்றூர்க் கழகம் முறையாகப் பதிவு பெற்று, இன்ன பிள்ளை இன்ன ஆண்டு இங்கு ஆடினான் என்று ஏடு வைத்திருந்தாலன்றி அப்பணம் வாராது. ஐந்தொகையைப் பைசா பிசகாது எழுதிய நாட்டில், பந்தாட்டக் கழகத்துக்கு ஒரு பேரேடு இல்லை! குமரிக் கடற்கரையினின்று மைக்கேல் சூசைராஜ் முதலியோர் வந்தனர். சென்னையிலும் நெய்வேலியிலும் பிறரும் தோன்றினர். இவர்களை முதலிற் பழக்கிய மணல்மேட்டுக் கழகங்கள் தத்தம் ஏடுகளைத் திறந்து பார்க்கட்டும்.

எம் தோழர்க்கு இப்பொழுது பத்தொன்பது முடிந்துவிட்டது. அன்னையாரின் தோடு மீண்டும் காதில் ஏறிற்று. இம்முறை உரிமம் பெற்ற ஒருவர் மூலமாய், முன்பணம் இன்றி, தம் ஆட்டங்களின் படப்பதிவை நார்வே நாட்டின் இரண்டாம் படிக் கழகங்கள் மூன்றுக்கு அனுப்பியுள்ளார். இரண்டு கழகங்கள் விடை எழுதவில்லை. மூன்றாவது, நாற்பது நிமிஷத்துக்குக் குறையாத முழு ஆட்டப் பதிவு வேண்டுமென்று கேட்டுள்ளது. வருகிற சனிக்கிழமை நம் கல்லூரி மைதானத்தில் அதனைப் படம் பிடிக்கவிருக்கின்றோம். எதிரணிக்கு இன்னும் இருவர் குறைகின்றனர்.