பழைய டிரையல்ஸ் புல்லட் வாங்கியாச்சு... முதல் செலவு எதற்கு?

பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் இரண்டு வருஷமாகச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு புல்லட் டிரையல்ஸ் 350 வாங்கிவிட்டான். கையில் இன்னும் 30,000 ரூபாய் இருக்கிறது. முதலில் சைலன்சர் மாற்ற வேண்டும் என்கிறான். அப்புறம் லைட், ஸ்டிக்கர் என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறான். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், தினமும் அவன் ஈ.சி.ஆரில்தான் வேலைக்குப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை செம்மண் பாதையில் ஓட்ட வேண்டுமாம். எதை முதலில் மாற்றச் சொல்வது?"

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரர்கள் கேட்க மறக்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. எதை மாற்றலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். எதை முதலில் மாற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. 30,000 ரூபாயில் எல்லாமே வராது. ஆகவே, வரிசைதான் இங்கே முக்கியம்.

பெயரில் இருக்கிற டிரையல்ஸ்

டிரையல்ஸ் என்பது வேகப் போட்டி கிடையாது. பாறை, ஓடை, சேறு, மரக்கட்டை ஆகியவற்றின் மேல் காலைத் தரையில் ஊன்றாமல் மெதுவாக ஓட்டிக் கடக்கிற விளையாட்டு. ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. கடக்க முடியாமல் போனால் 5. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர்.

இந்த விளையாட்டில் புல்லட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. 1948-ல் பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் வைத்த புதிய புல்லட்டை இங்கிலாந்தில் ஒரு டிரையல்ஸ் போட்டியில் இறக்கித்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஜானி பிரிட்டன் என்ற வீரர் 350 சிசி புல்லட்டில் 1952, 1957 என இரண்டு முறை ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியை வென்றார். அந்தப் புல்லட்தான் 1956-லிருந்து நம் சென்னை திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்தது.

அந்தப் பெருமையை நினைவூட்டத்தான் 2019 மார்ச்சில் புல்லட் டிரையல்ஸ் 350, 500 என்று இரண்டு வண்டிகள் வந்தன. ஷோரூம் விலை 350-க்கு 1.62 லட்சம், 500-க்கு 2.07 லட்சம். 350-க்குச் சிவப்பு ஃபிரேம், 500-க்குப் பச்சை ஃபிரேம். ஒற்றை சீட், பின்னால் கேரியர், மேல்நோக்கித் தூக்கிய சைலன்சர், குறுக்குக் கம்பி போட்ட ஹேண்டில்பார், கட்டை கட்டையாகப் பிடிப்பு உள்ள டயர். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு இந்த வண்டி தொடரவில்லை. ஆகவே, இன்று வாங்குகிற டிரையல்ஸ் எல்லாமே செகண்ட் ஹேண்ட்தான்.

தம்பி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைய போட்டிகளில் ஓடும் அசல் டிரையல்ஸ் வண்டி சுமார் 70 கிலோதான் இருக்கும், அதில் உட்கார சீட்கூடக் கிடையாது. இந்த புல்லட் 185 கிலோவுக்கு மேல். எஞ்சின், ஃபோர்க் எல்லாம் சாதாரண புல்லட் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை வைத்து மண் பாதையில் நிதானமாகப் போகலாம். பாறை ஏறவோ, பறக்கவோ இது தோதுப்படாது. அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

ஸ்பேனருக்கு முன்னால் பேப்பர்

பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம். கொஞ்ச தூரம் தெற்கே போனால் புதுச்சேரி. ஒரே தெருவில் டிஎன்-16, டிஎன்-32, பிஒய்-01 என்று மூன்று எண்ணும் நிற்கும். தம்பி வாங்கிய வண்டி புதுச்சேரி எண்ணா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். வேறு மாநில எண் கொண்ட வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்போது இங்கே வரியும் கட்ட வேண்டிவரும். அந்தத் தொகையை 30,000-லிருந்து முதலிலேயே கழித்து வையுங்கள்.

நம் மாநில எண்ணாக இருந்தாலும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த சான்று வாங்கி அதை நீக்க வேண்டும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இதையெல்லாம் முடிக்காத வண்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அது அடுத்தவர் வண்டிக்குச் செய்த செலவுதான்.

பழையதைச் சரிசெய்வதே முதல் அப்கிரேடு

கடற்கரை ஊரில் வண்டிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. சக்கரத்தின் ஸ்போக்ஸ், ரிம், செயின், டேங்குக்கு அடியில் உள்ள ஃபிரேம் வெல்டிங், இவற்றில்தான் துரு முதலில் பிடிக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த ஸ்போக்ஸோடு மண் பாதையில் இறங்கினால் ரிம் நெளியும்.

அடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கோன் செட் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது 'கடக் கடக்' என்றால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிந்திருந்தால் ஆயில் சீல். ஸ்பிராக்கெட் பல் கொக்கி போல வளைந்திருந்தால் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். இதில் எதுவும் போட்டோவில் தெரியாது. நண்பர்கள் பார்த்துப் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால், பழைய வண்டியை வாங்கியவருக்கு அதிக வித்தியாசம் தெரிவது இந்தச் செலவில்தான். ஃபோர்க்கும் பேரிங்கும் சரியாக இருந்தால், "சஸ்பென்ஷன் மாற்ற வேண்டும்" என்ற எண்ணமே பல பேருக்குப் போய்விடும்.

அடுத்தது டயர், அதோடு பிரேக்

வண்டி தரையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். 2019-ல் வந்த டயரே இன்னும் இருந்தால், பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 1219 என்றால் 2019-ன் 12-வது வாரம் தயாரானது என்று அர்த்தம்.

டயர் வாங்கும்போது தம்பி ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்கட்டும். ஆறு நாள் ஈ.சி.ஆர். தார் ரோடு, ஒரு நாள் செம்மண். பெரிய பட்டன் உள்ள முழு மண் டயர் போட்டால் அந்த ஒரு நாள் நன்றாக இருக்கும். மற்ற ஆறு நாளும், அதிலும் மழை பெய்த தார் ரோட்டில், பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். இரண்டுக்கும் பொதுவான டயர்தான் இவருக்குச் சரி. கம்பெனி சொன்ன அதே அளவு, முன்னால் 19 இன்ச், பின்னால் 18 இன்ச். அகலத்தைக் கூட்ட வேண்டாம்.

இது ட்யூப் உள்ள டயர். மண்ணில் பிடிப்புக்காகக் காற்றை மிகவும் குறைத்தால், டயர் ரிம்மில் நழுவி ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். கம்பெனி சொன்ன அளவிலிருந்து சில பவுண்டு மட்டும் குறையுங்கள். திரும்பும்போது ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன பம்ப் பையில் இருக்கட்டும்.

பிரேக்கில் புதுச் சாமான் எதுவும் வேண்டாம். பேடு, பிரேக் ஆயில், காலிப்பரைச் சுத்தம் செய்வது, இவை போதும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உண்டு. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டக் கூடாது.

தம்பிக்கும் கொஞ்சம் அப்கிரேடு

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, முழங்கால் கார்டு. மண்ணில் மெதுவாக விழுந்தாலும் 185 கிலோ வண்டி காலின் மேல் சாயும். கணுக்காலும் முழங்காலும்தான் முதலில் அடி வாங்கும். சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தில் இவை நான்கும் வந்துவிடும் என்று தம்பியிடம் சொல்லிப் பாருங்கள்.

மிச்சப் பணம் இருந்தால்

முதலில் எஞ்சினுக்கு அடியில் ஒரு ஸ்கிட் பிளேட். புல்லட்டின் அடிவயிறு தாழ்வானது, ஒரு கல் பட்டால் எஞ்சின் கேஸ் செலவு பெரிது. அடுத்து, பிடிப்புள்ள அகலமான ஃபுட்ரெஸ்ட். மண் பாதையில் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும், ஈர ஷூவுக்கு ரப்பர் ஃபுட்ரெஸ்ட் வழுக்கும். ஹேண்டில்பாரை மாற்றுவதற்கு முன், இருப்பதையே கொஞ்சம் முன்னால் திருப்பி, லீவர்களைச் சற்றுக் கீழே இறக்கிப் பார்க்கட்டும். நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருந்தால் போதும். இதற்குச் செலவு பூஜ்யம்.

செயின் ஸ்பிராக்கெட் மாற்றும் நேரம் வந்தால் முன்பக்கம் ஒரு பல் குறைக்கலாமா? கணக்கு எளிது. முன்னால் 16 பல், பின்னால் 38 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 15 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகிற இழுவை ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். மண்ணில் கிளட்ச்சை அதிகம் பிடிக்காமல் மெதுவாகப் போகலாம். ஆனால், ஈ.சி.ஆரில் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும், அதிரும். ஆறு நாள் தார் ரோட்டில் போகிறவருக்கு இது தேவையில்லை என்பேன்.

சைலன்சர் வேண்டவே வேண்டாமா?

வேண்டாம். காரணம் மூன்று. முதலாவது, 350-ல் இருப்பது கார்புரேட்டர். சைலன்சரைத் திறந்துவிட்டால் காற்று - பெட்ரோல் கலவை மாறும், எஞ்சின் சூடாகும், பட் பட்டென்று வெடிக்கும். அதைச் சரிக்கட்ட ஜெட் மாற்ற வேண்டும். ஒரு செலவு இரண்டாகும். இரண்டாவது, சட்டம். ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்றாவது, தூக்கிவிட்ட அந்த சைலன்சர்தான் இந்த வண்டியின் அடையாளமே. நின்றுபோன மாடலின் அசல் பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டியதுதான். எதைக் கழற்றினாலும் துணியில் சுற்றி வீட்டிலேயே வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அதுதான் விலை பேசும்.

எங்கே ஓட்டுவது?

ஊருக்கு மேற்கே ஏறினால் செம்மண் மேடும், மழை அரித்த பள்ளங்களும் இருக்கின்றன. பார்க்கத் திறந்தவெளி போலத் தெரிந்தாலும், அதில் பெரும்பகுதி ஆரோவில்லோ தனியாரோ பல வருஷம் மரம் வளர்த்து மண்ணைக் காப்பாற்றிய இடம். அங்கே டயர் கீறிய தடம் அடுத்த ஐப்பசி மழையில் வாய்க்காலாகிவிடும். கடற்கரை மணலும் வேண்டாம். கடல் அரிப்பில் ஏற்கெனவே சுருங்கிய கரை அது. ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வரும் காலமும்கூட. பொது மண் சாலை, ஊர் மைதானம், அனுமதி தந்த முந்திரித் தோப்பு, இவை போதும்.

மைதானத்தில் இரண்டு பழைய டப்பாக்களைப் பத்தடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடச் சொல்லுங்கள். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். கால் ஊன்றினால் ஒரு புள்ளி. பத்துச் சுற்றில் எத்தனை புள்ளி என்று நோட்டில் எழுதட்டும். இடைவெளி குறுகலாகத் தெரிந்தால் முதலில் பதினைந்து அடி வைத்துக்கொள்ளலாம். புள்ளி குறையக் குறைய டப்பாக்களை நெருக்கலாம். அந்த நோட்டின் பின்பக்கத்தில் வண்டிச் செலவையும் எழுதட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதற்கப்புறம் 500 கிலோமீட்டர் ஓட்டம், பிறகுதான் அடுத்தது. இல்லாவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று மாதம் கழித்து நோட்டை நீங்களே வாங்கிப் பாருங்கள் அம்மா. முன்பக்கத்தில் புள்ளி குறைந்திருந்தால், மிச்சம் இருக்கிற பணத்தில் அவர் ஆசைப்பட்ட லைட்டை வாங்கிக்கொள்ளட்டும். எதிரே வருபவர் கண்ணைக் கூசாத லைட்டாக மட்டும் இருக்கட்டும்!