'மேல் சிகிச்சைக்கு' என்று எழுதினால் போதுமா?

ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வைத்துக் கொள்வோம். வலி கிடையாது. என்ன செய்வார்? "உடம்பு சூடு" என்று இளநீரும் மோரும் குடிப்பார். இரண்டு நாளில் ரத்தம் நின்று விடும். சரியாகி விட்டது என்று மல்லாட்டை பிடுங்கக் கிளம்பி விடுவார். மாதம் கழித்து மறுபடி வந்தால் மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை. அப்போதும் நின்று விடும்.

கொடுமையே இங்கேதான் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ரத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். வலியில்லாமல் வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் தலைகாட்டாமலும் இருக்கும். மோரும் மாத்திரையும் வேலை செய்ததாக நாம் நினைத்துக் கொண்டிருப்போம், உள்ளே கட்டி வளர்ந்து கொண்டிருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். மாதவிடாய்க் கோளாறு, நீர்க்கடுப்பு என்று சொல்லியே காலம் ஓடி விடுகிறது.

இங்கிலாந்தில் நைஸ் அமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. 45 வயதைத் தாண்டியவருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம் வந்து, அதற்குக் கிருமித்தொற்று காரணமில்லை என்றாலோ, தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகும் ரத்தம் வந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகம் என்று எழுதி உடனே அனுப்ப வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் கறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக்கூட விட்டுவிடுவதற்கான காரணமாக அது ஏற்பதில்லை.

அப்படியானால் எல்லோரையும் அனுப்பி விடலாமா? கூடாது! அதுவும் அதே அளவு தப்புதான்.

ஒலக்கூரிலிருந்து கிளம்புகிறவர் முதலில் திண்டிவனம் வர வேண்டும். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, 2010ல் தொடங்கிய முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அல்லது பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி கோரிமேட்டில் இறங்கி ஜிப்மர் போக வேண்டும். கூட வரும் ஆளையும் சேர்த்தால் இரண்டு பேர் கூலி போச்சு. இவ்வளவு பாடுபட்டு வந்தவருக்கு வரிசையில் நின்ற பிறகு கிடைக்கும் பதில், "யூரின் டெஸ்ட், கிரியாட்டினின், ஸ்கேன் எடுத்துக் கொண்டு அடுத்த வாரம் வாங்க". அடுத்த வாரம் எத்தனை பேர் வருவார்கள்? யோசித்துப் பாருங்கள்.

யாரை அனுப்பத் தேவையில்லை?

முதல் முறை நீர்க்கடுப்பு வந்த இளம்பெண். ஸ்கேனில் சாதாரண நீர்க்கட்டி மட்டும் தெரிந்து, வேறு தொந்தரவு இல்லாதவர். எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கொஞ்சம் சீழ் அணுக்கள் மட்டும் உள்ளவர் (கர்ப்பிணிகள் கணக்கு வேறு). அடிக்கடி சிறுநீர் போகிறது என்பவருக்கு முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்தின் ஆரம்பத் தொந்தரவுக்கு உள்ளூரிலேயே மாத்திரை தொடங்கலாம். இவர்கள் வரிசையை அடைத்துக் கொண்டால், பின்னால் நிற்கும் புற்றுநோய்க்காரருக்குத்தான் தாமதம்.

யாரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும்?

1. கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனவர். ஒரே ஒரு முறை போய் நின்றிருந்தாலும் சரி.
2. மாத்திரை சாப்பிட்டும் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர், பி.எஸ்.ஏ. அதிகமாக இருப்பவர்.
3. தூக்கத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போகும் முதியவர். பை நிரம்பி வழிவதாக இருக்கலாம், சிறுநீரகமே கெட்டுப் போகலாம். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புவது மன்னிக்க முடியாத அலட்சியம்.
4. விதையில் வலியில்லாத கட்டி உள்ளவர்.
5. தானாக வெளியேறாத கல், அல்லது ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் உள்ளவர்.
6. சீழ் அணுக்கள் திரும்பத் திரும்ப வந்தும் கல்ச்சரில் கிருமி வளராதவர். நம் நாட்டில் சிறுநீரகக் காசநோயை மறக்கவே கூடாது.

சிலருக்கு வெளிநோயாளி வரிசையே கூடாது, அவசரப் பிரிவுதான். திடீரென்று விதையில் கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக் கொண்டதாக இருக்கலாம், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் பிரித்து விட வேண்டும். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலும் 108ஐத்தான் கூப்பிட வேண்டும். சிறுநீர் அடைத்துக் கொண்டால் முதலில் டியூப் போட்டு வடித்து விட்டு, அப்புறம் அனுப்ப வேண்டும். அடைத்த வயிற்றோடு பஸ் ஏற்றுவது சித்திரவதை.

"கூட்டத்தில் இதையெல்லாம் பார்க்க டாக்டருக்கு நேரமேது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் காய்ச்சல், சர்க்கரை, பிரசவம், தடுப்பூசி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். அதனால்தான் இது அவர் ஞாபகத்தையும் நோயாளியின் பொறுமையையும் நம்பி இருக்கக் கூடாது. மேலே சொன்ன பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் நர்ஸுக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும்.

'மேல் சிகிச்சைக்கு' என்ற இரண்டு வார்த்தைச் சீட்டும் ஒழிய வேண்டும். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, கிரியாட்டினின் எவ்வளவு, கொடுத்த மருந்து என்ன, அவசரமா இல்லையா: ஆறு வரி போதும். திண்டிவனத்திலேயே முடியக்கூடிய பரிசோதனையை அங்கேயே முடித்து அனுப்பினால் ஒரு நடை மிச்சம். கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்த ஒரு நடைதான் வைத்தியம் தொடர்வதற்கும் பாதியில் விட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதற்குப் புதுக் கட்டிடமோ புது மெஷினோ கேட்கவில்லை. சுவரில் ஒரு தாள், சீட்டில் ஆறு வரி. அதுவரை, ரத்தம் நின்று விட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், நின்றதற்காகவே ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.