அம்மா போட்ட அல்காரிதம்!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன செமஸ்டர்ல எனக்கு கோடிங்கே வெறுத்துப்போச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் சொல்லக்கூடாத வார்த்தைதான். ஆனா, என்ன பண்ண?

ப்ளஸ் ஒன்ல முதல் ஃபார் லூப் ஓடி, ஸ்கிரீன்ல 1 முதல் 10 வரைக்கும் வரிசையா வந்து நின்னப்ப குதிச்சவன்தான் நான். தேர்டு இயர் வந்ததும் ப்ளேஸ்மென்ட் ஜுரம்! தினமும் அஞ்சு புரோகிராம். டெஸ்ட் கேஸ் பாஸாச்சா, அடுத்தது. ஃபெயிலா, ஏ.ஐ.கிட்ட கேட்டு காப்பி, பேஸ்ட். லேப் ரெக்கார்டு? சீனியர் நோட்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி. 'எனக்கு இந்த வேலையே வேணாம்மா'னு சொல்லிடணும்னுதான் மார்கழி லீவுக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் விடியக்காலை. வாசல்ல அம்மாவும் தங்கச்சியும்.

"எத்தனை புள்ளிம்மா?"

"7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1-ல நிறுத்து."

நடுவுல 7. மேலயும் கீழயும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. எனக்கு சுரீர்னு உறைச்சது. லேப்ல ஸ்டாரை வெச்சு 'டைமண்ட்' போடச் சொல்வாங்களே... அதே புரோகிராம்!

"இடுக்குப்புள்ளின்னா என்னம்மா?"

"ஒவ்வொண்ணா குறையும்டா. 7-ல ஆரம்பிச்சு 4-ல நிறுத்தணும்."

ஆஹா... 37 புள்ளி! லூப்ல ரெண்டு மூணு இடத்துல கைவெச்சா போதுமே! லேப்டாப்பை எடுத்துட்டு திண்ணையிலயே உட்கார்ந்துட்டேன். பைத்தான்ல புள்ளி ஈஸியா வந்துருச்சு. சிக்குக் கோலம்தான் சிக்கிக்கிச்சு! கோடு எங்கேயோ மூலைக்கு ஓடுது. "புள்ளியைத் தொடாம சுத்தி வரணும், கிளம்பின இடத்துலயே வந்து சேரணும்டா"னு அம்மா சொல்லச் சொல்ல, மூணு ராத்திரி முட்டி மோதி ஓட வெச்சேன். எந்த டெஸ்ட் கேஸும் இல்லை. அம்மா தலையாட்டினாங்க, அவ்வளவுதான்!

பெருமையா தேடினா, நமக்கு முன்னாடியே ஆள் இருக்காங்க பாஸ். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரி பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974-லயே கோலத்தை கம்ப்யூட்டருக்கான இலக்கணமா மாத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க!

ப்ளேஸ்மென்ட் புரோகிராம் இன்னமும் போர்தான். ஆனா, அஞ்சு முடிச்சதும் ஆறாவதா எனக்கே எனக்குன்னு ஒண்ணு. யாரோ கேட்ட கேள்விக்கே பதில் எழுதிட்டிருந்தா யாருக்குத்தான் அலுக்காது? நீங்களும் யாரும் கேட்காத ஒண்ணை எழுதிப் பாருங்களேன்.

'15 புள்ளி, இடுக்குப்புள்ளி போடு பார்ப்போம்'னு அம்மா இப்ப சவால் விட்டிருக்காங்க. எர்ரரா கொட்டுது. ஆனா, லேப்டாப்பை மூட மனசு வரலை மக்கா!